முப்பிடாதி போட்ட ‘சரி’

மார்ச் 3, திங்கள். ரத்த அழுத்தம் 146/94

டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் அளந்து நோட்டில் எழுத வேண்டுமாம். கூடவே அன்றைக்கு என்ன சாப்பிட்டேன், என்ன நடந்தது என்றும் எழுத வேண்டுமாம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எதனால் ஏறுகிறது என்று அவருக்குப் பிடிபட்டுவிடுமாம். எனக்கு இப்போதே தெரியும். நார்த்தங்காய் ஊறுகாய்.

ஆனாலும் எழுதுகிறேன். டாக்டர் கைக்குப் போகிற நோட்டு என்பதால் என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் பேச்சியம்மாள், வயது நாற்பத்து நான்கு, வக்கீல். பாளையங்கோட்டையில் வீடு, பிழைப்பு பெரும்பாலும் தொழிலாளர் நீதிமன்றத்தில். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் ஓசூரில் மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆறு மாதம் என்று போனவர், மூன்று வருடம் தாண்டியும் அங்கேயே இருக்கிறார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தால் அவருடைய தங்கச்சி வீட்டில் இறங்கிக்கொள்வார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. ரத்த அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்றைய சாப்பாடு: மதியம் புளிக்குழம்பு, ஊறுகாய். இரவு தோசை, ஊறுகாய்.

மார்ச் 5, புதன். 138/90

சாயங்காலம் முப்பிடாதி வந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘எக்கா’ என்றுதான் கூப்பிடுவார். வக்கீலை வேறு எப்படிக் கூப்பிட என்று கேட்பார். பேட்டையில் பொதிகைச்சாரல் பிஸ்கட் கம்பெனியில் பதினேழு வருடம் பாக்கெட் அடுக்கியவர். வேலையில் இருந்தவரை எங்கே போனாலும் ஒரு தூக்குவாளி நிறைய நொறுங்கல் பிஸ்கட் கொண்டுபோவாராம். இப்போது வெறும் கையோடு வருவதுதான் அவருக்குப் பெரிய கூச்சம்.

வழக்கு நம்ப முடியாத அளவுக்குச் சின்னது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் முட்டு வலி தாங்காமல் காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அடுக்கியிருக்கிறார். மேனேஜர் ஞானதுரை வந்து எழுந்திருக்கச் சொல்ல, இவர் ஸ்டூல் கேட்டிருக்கிறார். மறுநாள் காலை மேனேஜரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி: ‘நேற்று நடந்ததை வைத்துப் பார்க்கும்போது உங்களுக்கு இங்கே தொடர விருப்பமில்லை என்று தெரிகிறது. உங்கள் விலகலை ஏற்றுக்கொள்கிறோம்.’

அதற்கு முப்பிடாதி போட்ட பதில்: ‘சரி.’ பக்கத்தில் ஒரு கும்பிடும் கை.

அவ்வளவுதான் நிர்வாகத்தின் கட்சி. நாங்கள் நீக்கவில்லை, அவராக விலகினார், கேட்டதற்குச் சரி என்று எழுத்து மூலம் சம்மதித்தார். பதினேழு வருடத்தை இரண்டு எழுத்தில் முடித்துவிட்டார்கள்.

“வேல போனது ஒரு பக்கம்க்கா. நானா விட்டுட்டுப் போனேன்னு எழுதி வச்சிருக்காவளே, அதான் ஆறல. நான் எதையும் பாதில விட்டவ கெடையாது” என்றார் முப்பிடாதி. நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். டீ சூடு போல.

மார்ச் 9, ஞாயிறு. 152/96

ஞாயிறு காலைகளில் இணையத்தில் ஒரு வகுப்புக்குச் சேர்ந்திருக்கிறேன். ‘தகவல் தொழில்நுட்பச் சட்டம்: கோட்பாடும் முறையும்.’ சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீட்டில் சும்மா இருந்தால் சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கிறது, அதற்கு இது எவ்வளவோ மேல்.

இன்றைய கேள்வி: இயந்திரம் வழியாக ஒரு சொல் போகிறது. முகம் தெரியாது, குரல் கேட்காது. அந்தச் சொல்லுக்கு எது பொருள்? அனுப்பியவர் நினைத்ததா, பெற்றவர் எடுத்துக்கொண்டதா?

நான் கையைத் தூக்கினேன். பெற்றவர் எடுத்துக்கொண்டதுதான் என்றேன். மனதுக்குள் ஆயிரம் வைத்திருப்பார்கள், அதையெல்லாம் தோண்டிப் பார்க்க முடியுமா? சரி என்று ஒருவர் அனுப்பினால் சரிதான். வேண்டாம் என்று நினைத்திருந்தால் வேண்டாம் என்று போட வேண்டியதுதானே, விரலா தேய்ந்துவிடும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

பேராசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: “மேடம், போன வாரம்தானே உங்க பிஸ்கட் கேஸைச் சொன்னீங்க. இப்ப எதிர்க்கட்சிக்கு நல்லா வாதாடறீங்க.”

எனக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. நான் எந்த ‘சரி’யை நினைத்துக்கொண்டு பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் ஊறுகாய் கொஞ்சம் அதிகம்.

மார்ச் 12, புதன். 164/102

இன்று முப்பிடாதியின் சாட்சியம். நேற்றே செய்தி அனுப்பினேன்: ‘நாளை பத்து மணிக்கு கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள்.’ பதில் வந்தது: ‘சரி.’ கும்பிடும் கை.

பத்து ஆனது, பதினொன்று ஆனது, ஆள் வரவில்லை. போன் அணைந்திருக்கிறது. நிர்வாகத்தின் வக்கீல் தாணுமாலயன் சார் எழுந்து, விருப்பமில்லாதவர் வேலையையும் விடுவார், வழக்கையும் விடுவார் என்று ஐயாவிடம் சொன்னார். நாகர்கோவில்காரர், பேச்சில் சர்க்கரை தடவியிருக்கும். ஐயாவுக்கு, அதாவது நீதிபதிக்கு, பொறுமை போய்விட்டது. 24ஆம் தேதி மனுதாரர் வரவில்லை என்றால் வழக்கைத் தள்ளிவிடுவேன் என்றார்.

இரண்டு வருட உழைப்பு.

மார்ச் 13, வியாழன். 158/98

சுத்தமல்லியில் முப்பிடாதியின் வீட்டுக்கே போய்விட்டேன். முப்பிடாதி வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுச் சமையல் கோஷ்டியோடு போய்க்கொண்டிருக்கிறாராம். நேற்று பெரிய முகூர்த்தம்.

“சரின்னு போட்டியளே” என்றேன், மூச்சு வாங்க.

“ஆமாக்கா. போட்டேன்.”

“அப்பொறம் ஏன் வரல?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “நீங்க மெசேஜ் போட்டிய, நான் பாத்தேன். பாத்தேன்னு சரி போட்டேன். வாரதா இருந்தா வாரேன்னுல்லா போடுவேன்.”

“சரின்னா பாத்தேன்னு அர்த்தமா?”

“வேற என்ன? கம்பெனி குரூப் ஆரம்பிச்ச மொத நாளே மேனேஜர் சொல்லிட்டாவல்லா. மெசேஜப் பாத்தா எல்லாரும் சரி போடணும். போடலன்னா மெமோ. பிடிக்கோ பிடிக்கலயோ, சரி போடணும். நாலு வருசமா விரல் அப்பிடியே பழகிட்டு. எம் மவ போன வாரம் போன்ல அழுதுக்கிட்டே மெசேஜ் போட்டா, அதுக்கும் சரின்னு போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

நான் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக நான் இவருடைய வக்கீல். ‘சரி’ என்று ஏன் போட்டீர்கள் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. சரி என்றால் சம்மதம் என்று நானே முடிவு கட்டிவிட்டு, அந்தச் சம்மதத்தை மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்க முட்டி மோதிக்கொண்டிருந்தேன். மேனேஜர் செய்த அதே தப்பை மேனேஜருக்கு எதிராக வாதாடுகிறவள் செய்திருக்கிறேன்.

அரைக் கிலோ வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்குக் காரணம் வெங்காயம்.

மார்ச் 14, வெள்ளி. 140/90

மேனேஜர் ‘எல்லாரும் சரி போடணும்’ என்று கம்பெனி குழுவில் எழுதிய செய்தி கிடைத்தால் வழக்கு முடிந்தது. ஆனால் அது நாலு வருடத்துக்கு முந்தியது. முப்பிடாதியின் இப்போதைய போன் வேலை போவதற்கு நாலு மாதம் முன்னால் வாங்கியது, அந்த நாலு மாதச் செய்திகள்தான் அதில் இருக்கின்றன. பழைய போன் பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிறதாம். கொண்டுவரச் சொல்லிச் செய்தி போட்டேன்.

பதில்: ‘சரி.’

இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று: ‘வாரேன்.’

மார்ச் 16, ஞாயிறு. 136/88

வகுப்பில் இன்று ஒப்புமை. பேராசிரியை சொல்கிற முறை எனக்குப் பிடித்திருக்கிறது. புதிதாக ஒரு இயந்திரம் வந்து சட்டம் திகைத்து நின்றால், வீட்டில் ஏற்கனவே இருக்கிற பொருள்களில் இதற்குப் பக்கத்தில் வருவது எது என்று தேட வேண்டுமாம். ஒன்றும் பொருந்தாவிட்டால்தான் புதுச் சட்டம். பொருந்தினாலும் எங்கே பொருந்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் நேர்மை.

எனக்கு உடனே தபால்காரர் ஞாபகம் வந்தது. பதிவுத் தபாலோடு ஒரு ஒப்புகை அட்டை வரும். நாம் அதில் கையெழுத்துப் போடுவோம். உள்ளே வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் இருக்கலாம், கல்யாணப் பத்திரிகையும் இருக்கலாம். கையெழுத்துப் போட்டதற்கு வந்து சேர்ந்தது என்று மட்டுமே பொருள். அட்டையில் கையெழுத்துப் போட்டாயே, வீட்டைக் காலி செய்யச் சம்மதித்தாய் என்று எந்த வீட்டுச் சொந்தக்காரராவது சொல்வாரா?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டாவது பிரிவு முழுக்க இதுதான். மின்னணுச் செய்தி கிடைத்ததற்கான ஒப்புகை. எந்த வடிவத்தில் ஒப்புகை தர வேண்டும் என்று அனுப்புகிறவரே சொல்லலாம். பொதிகைச்சாரலின் மேனேஜர் சொல்லியிருக்கிறார்: ‘சரி’ என்ற வடிவத்தில். இந்தப் பிரிவை எத்தனை தடவை படித்திருக்கிறேன், ஒரு தடவை கூட ஒரு ஆளின் முகம் தெரியவில்லை. இன்று முப்பிடாதி தெரிந்தார்.

ஓசூரிலிருந்து வீட்டுக்காரர் போன். “தண்ணி மோட்டார் ஓடுதா?” “ஓடுது.” “பின்வாசல் தாழ்ப்பாள்?” “இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு.” “ஆள வச்சுப் பாரு.” “சரி.” வைத்துவிட்டார். போனுக்குப் பிறகு மறுபடி அளந்தேன். 150/96. கருவி பழசாகிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய். 148/92

பழைய போன் செத்துவிட்டது. ஜங்ஷனில் கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினார், பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது. உள்ளே இருக்கிற போர்டும் போச்சாம், பழைய செய்தி எதையும் எடுக்க முடியாதாம். “இத வீட்ல வைக்காதிய மேடம்” என்று மட்டும் சொன்னார். குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் யாரும் தங்கள் போனைத் தர மாட்டார்கள். அவர்களுக்கு வேலை வேண்டும், நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி அந்தச் செய்திக்கு ஒரே சாட்சி அதை எழுதிய மேனேஜர்தான்.

மார்ச் 19, புதன். 144/90

தாழ்ப்பாளுக்கு ஆள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 24, திங்கள். 142/90

முப்பிடாதி ஒன்பதே காலுக்கே வந்து கோர்ட் வாசலில் நின்றார். வெளுத்த நீலச் சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ.

அவருடைய புதுப் போனில் உள்ள செய்திகளை அச்செடுத்து, சட்டம் கேட்கிற சான்றிதழோடு கொடுத்தேன். சான்றிதழில், கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்ட, கோப்பின் கைரேகை என்று ஒரு நீள எண் போட வேண்டும், எழுத்தும் எண்ணுமாக அறுபத்து நான்கு. தாணு சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். அறுபத்து மூன்றாவதில் தும்மல் வந்து முதலிலிருந்து எண்ணினார். சரியாக இருந்தது. தொழிலாளர் நீதிமன்றத்தில் இவ்வளவு கறார் வேண்டாம்தான், ஆனால் எங்கள் ஐயாவுக்குக் காகிதம் நேராக இருக்க வேண்டும்.

குறுக்கு விசாரணையில் தாணு சார் கேட்டார்: “சரின்னு நீங்கதானே போட்டீங்க? உங்க விரலாலதானே?”

“ஆமா சார்.”

“சரி. யாரும் கையைப் பிடிச்சுப் போட வைக்கலையே?”

“இல்ல சார்.”

“சரி, சரி. அப்ப விருப்பப்பட்டுத்தானே வேலையை விட்டீங்க?”

“வேலைய நான் விடல சார். மறுநா காலைல ஏழு மணிக்கு டிபன் டப்பாவோட கேட்டுல போயி நின்னேன். வாச்மேன்தான் உள்ள விடல. வேலைய விட்டவ டிபன் டப்பா கொண்டுக்கிட்டுப் போவாளா?”

“சரி” என்றார் தாணு சார், அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டே.

நான் என் தாளில் அவருடைய ஒவ்வொரு ‘சரி’க்கும் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

ஏப்ரல் 2, புதன். காலையில் 150/94, மாலையில் 126/82

மேனேஜர் ஞானதுரையின் முறை. இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. ஒழுங்கில் பெருமை உள்ள மனிதர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்தப் பெருமையைத்தான் நம்பிப் போயிருந்தேன்.

“இருநூறு பேரை வச்சு வேலை வாங்குறது சாமான்யம் இல்லை. சொன்னது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துச்சான்னு எப்படிப் பாத்துக்குறீங்க?” என்று மரியாதையாகக் கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது. “அதுக்கு நானே ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேங்க. மெசேஜைப் பாத்தவங்க ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் போட்டாகணும்.”

“என்ன பதில்?”

“சரின்னு.”

“போடலைன்னா?”

“மெமோ. இதுவரைக்கும் பதினொரு பேருக்குக் குடுத்திருக்கேன்.”

தாணு சார் நாற்காலியில் நெளிந்தார். நான் அவசரப்படவில்லை. முப்பிடாதியின் போனிலிருந்து எடுத்த அச்சின் மூன்றாவது பக்கத்தை நீட்டினேன். வேலை போவதற்கு மூன்று மாதம் முன்னால் முப்பிடாதி மேனேஜருக்கு அனுப்பியது: ‘சார் லேடீஸ் கக்கூஸ் தாழ்ப்பாள் ஒடஞ்சிட்டு. ஒரு ஆள் வெளிய காவல் நின்னாத்தான் இன்னொரு ஆள் போக முடியுது. மாத்தி தாங்க.’ கீழே மேனேஜரின் பதில்.

“என்ன பதில் போட்டிருக்கீங்க, வாசிங்க.”

“சரி.”

“தாழ்ப்பாளை மாத்தினீங்களா?”

அவர் தாணு சாரைப் பார்த்தார். தாணு சார் கூரையைப் பார்த்தார்.

“இன்னும் இல்லைங்க.”

“சரின்னு ஒத்துக்கிட்டு ரெண்டு வருஷமா மாத்தலையா?”

“ஒத்துக்கிட்டேன்னு யாருங்க சொன்னது?” மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. “தினமும் அம்பது பேர் அம்பது கேக்குறாங்க. எல்லாத்துக்கும் ஒத்துக்க முடியுமா? சரின்னா பாத்துட்டேன்னு அர்த்தம்.”

ஐயா பேனாவை எடுத்தார். “கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கறேன்.”

அவர் மெதுவாகச் சொன்னார். ஐயா எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். பின் வரிசையில் முப்பிடாதி பக்கத்தில் இருந்தவரிடம், “அந்தத் தாழ்ப்பாள் இன்னும் மாத்தலயாமே” என்று கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 3, வியாழன். 128/84

சந்தோஷத்தில் அல்வா சாப்பிட்டேன். டாக்டர் ஊறுகாயைத்தான் குறைக்கச் சொன்னார்.

ஏப்ரல் 9, புதன். 132/86

இறுதி வாதம். தாணு சார் தடியான அகராதியைக் கொண்டுவந்திருந்தார். சரி என்றால் ஒப்புதல், உடன்பாடு, நேர்மை என்று வரிசையாக வாசித்தார். எழுதிய சொல்லுக்கு எழுதிய பொருள்தான், ஆளுக்கு ஆள் பொருள் மாறினால் உலகத்தில் எந்த ஒப்பந்தமும் நிற்காது என்றார். நல்ல வாதம். ஒரு மாதத்துக்கு முன்னால் வகுப்பில் நான் பேசியதும் ஏறக்குறைய இதுதான்.

நான் ஒப்புகை அட்டையிலிருந்து ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் பிரிவு, மேனேஜரின் மெமோ, கழிப்பறைத் தாழ்ப்பாள். சொன்னவர் மனதுக்குள் நினைத்ததும் வேண்டாம், கேட்டவர் வசதிக்கு எடுத்துக்கொண்டதும் வேண்டாம், இந்த இரண்டு பேருக்கு நடுவில், இந்தக் குழுவில், இந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்று பாருங்கள் என்றேன். ஒப்புமை எங்கே பொருந்தவில்லை என்பதையும் சொன்னேன்: தபால் அட்டையில் கையெழுத்துப் போடாவிட்டால் தபால்காரர் மெமோ கொடுப்பதில்லை.

ஐயா, “சரி, சரி” என்று தலையாட்டினார்.

“ஐயா இப்ப சரின்னு சொன்னது என் வாதத்தை ஏத்துக்கிட்டதாகவா, கேட்டுக்கிட்டதாகவா?” என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது.

ஐயா ஒரு நொடி முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். “கேட்டுக்கிட்டேன்மா. ஏத்துக்கிட்டேனா இல்லையான்னு 25ஆம் தேதி சொல்றேன்.”

வெளியே வரும்போது தாணு சார், “பேச்சி மேடம், இனிமே வீட்ல கூட சரின்னு சொல்லப் பயமாட்டு இருக்கு” என்றார். நானும் சிரித்தேன். வீடு வரைக்கும் அதே யோசனை.

ஏப்ரல் 13, ஞாயிறு. 146/92

வகுப்புக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். பேராசிரியை பாராட்டிவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ‘சரி என்பதற்கு ஒப்புகை, சம்மதம் என்று இரண்டு பொருள்தான் காட்டியிருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒன்று இருக்க முடியாதா?’

எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஏப்ரல் 14, திங்கள். 154/98

சித்திரை ஒன்று. ஓசூரிலிருந்து ஒரு படம் வந்தது, தாம்பாளத்தில் மாம்பழமும் கண்ணாடியும் கொன்றைப்பூவும். யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார். ‘சாப்பிட்டியா’ என்றாவது ஒரு வார்த்தை இல்லை. நான் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வாழ்த்துகள் என்று போட்டால் பந்துபோல் திரும்ப ஒரு வாழ்த்து வரும், கோபமாகப் போடலாம் என்றால் நல்ல நாளும் அதுவுமாக மனசு வரவில்லை. கடைசியில் ‘சரி’ என்று போட்டேன். வேறு என்ன போடுவதென்று தெரியவில்லை.

அப்புறம் பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய தைப்பொங்கல் அன்று நான் போட்டது இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல், லீவு கிடைக்கவில்லை என்றார். பானையில் பால் பொங்கி வழிய வழிய நின்றுகொண்டு டைப் செய்தேன்: ‘நீங்க அங்கேயே இருந்துக்கிடுங்க.’

கீழே அவர் பதில். ‘சரி.’

டாக்டருக்கு இது எதற்கு? மாம்பழப் பச்சடியில் வெல்லம் ஜாஸ்தி.

ஏப்ரல் 25, வெள்ளி. 120/80

ஜெயித்துவிட்டோம். ‘சரி’ என்பது அந்த நிறுவனத்தின் வழக்கப்படி செய்தி கிடைத்ததற்கான ஒப்புகை மட்டுமே, அதை விலகல் சம்மதமாக எடுத்துக்கொண்டது செல்லாது, மனுதாரரை அதே வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும். தீர்ப்பின் கடைசிப் பத்தியில், அடுக்குகிற பெண்களுக்கு ஸ்டூலும் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் போடும்படி ஐயா யோசனை சொல்லியிருக்கிறார்.

முப்பிடாதி அழவில்லை. தீர்ப்பு நகலை வாங்கி ‘விலகவில்லை’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். “பாத்தியளா, எழுதிட்டாவ” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எக்கா, நீங்க மட்டும் அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஏன் சரி போட்டன்னு கேக்கலன்னா ஒண்ணும் நடந்திருக்காது. கேட்டியல்லா, அதான்” என்றார்.

வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். கட்சிக்காரரிடம் கேட்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. இன்னொரு ஆளிடம் மூன்று வருடமாகக் கேட்கவே இல்லை. ஒரு சொல்லை என் வசதிக்கு எடுத்துக்கொண்டு, வாசலில் வாச்மேன் மாதிரி நின்று உள்ளே விடாமல் இருந்தவள் நான்தான்.

போனை எடுத்து எழுதினேன்: ‘மூணு வருசத்துக்கு முன்னால பொங்கலன்னைக்கு அங்கேயே இருந்துக்கிடுங்கன்னு போட்டேன்லா. நீங்க சரின்னு போட்டிய. அது பாத்தேன்னா, சம்மதம்னா?’

இரண்டு கோடும் நீலமாயின. டைப் செய்கிறார் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எழுந்து விளக்கைப் போட்டேன், பாலைக் காய்ச்சினேன், திரும்பி வந்தேன்.

‘ரெண்டும் இல்ல. வேற என்ன போடன்னு தெரியல.’

படித்துவிட்டு அழுதேன். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது. ‘வரட்டுமா?’

விரல் பழக்கத்தில் ‘ச’ வரைக்கும் போய்விட்டது. அழித்தேன். ‘வாங்க’ என்று போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு. அளக்கவில்லை

வகுப்புக்குப் போகவில்லை. பேராசிரியைக்கு மட்டும், மூன்றாவது பொருள் கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எழுதினேன். டாக்டரிடம் இந்த நோட்டைக் கொடுக்கப் போவதில்லை, எண்களை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுக்கலாம். ஊறுகாய் மேல் பழி போட்டதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும், பாட்டிலில் பாதியை ஓசூரிலிருந்து வந்தவர் காலையில் பழைய சோற்றோடு காலி செய்துவிட்டார்.

நேற்றே வேலைக்குப் போய்விட்ட முப்பிடாதி, தூக்குவாளி நிறைய நொறுங்கல் பிஸ்கட் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பின்வாசலில் உட்கார்ந்து தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருப்பவரை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திருப்புளி எங்கே என்று அங்கிருந்து சத்தம் வருகிறது. எடுத்துக்கொண்டு போக வேண்டும்.